மூன்று மணிக்குள் ஒரு பதில்

பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவனிடம் கேட்டால் நாலு வார்த்தையோடு நிற்குமா? ஆனால் நான் சரிசெய்த பழுதுகளின் பட்டியலை எழுதப் போவதில்லை. அதெல்லாம் லாக் புத்தகத்தில் இருக்கிறது. என் கையெழுத்து புரிந்தால் படித்துக்கொள்ளுங்கள். நான் அவசரப்பட்டு ஒரு பதில் சொன்ன மதியத்தைப் பற்றி எழுதுகிறேன். இதை இதுவரை முழுசாக யாரிடமும் சொன்னதில்லை. வெளியே சொல்லிக்கொள்ளும்படியான விஷயமாக இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன்.

எண்ணூரில் நம் கன்டெய்னர் யார்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் உப்புக் காற்று, இன்னொரு பக்கம் சாம்பல். இறுக்கி மூடிய பெட்டிக்குள்ளும் இரண்டும் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே நாலாம் நம்பர் கிரேனைத் தேசப்பன் என்பவன் ஓட்டிக்கொண்டிருந்தான். பக்கத்துக் குப்பத்துப் பையன். அப்பா, அண்ணன்கள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். அந்த வீட்டில் கிரேன் ஏறிய முதல் ஆள் இவன். கன்டெய்னரை லாரியில் வைத்தால் சத்தமே வராது, அப்படி ஒரு கை.

ஒரு நாள் காலை அவன் கன்டெய்னரை லாரிக்கு மேலே ஓரடி உயரத்தில் நிறுத்தியிருக்கிறான். கீழே இருந்த தொழிலாளி ஒருவர் லாரித் தளத்தில் கன்டெய்னரைப் பிடிக்கும் பூட்டை நேராக்கக் கையை நீட்டியிருக்கிறார். கன்டெய்னர் இறங்கிவிட்டது. அவருக்கு மூன்று விரல்கள் நசுங்கிப் போயின.

தேசப்பன் ஏணியில் இறங்கி ஓடி வந்தான். என்னிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். "நான் எறக்கல ண்ணா. நிறுத்திட்டேன். லிவரை வுட்டுட்டேன். அதுவா எறங்கிச்சி."

கிரேனின் கம்ப்யூட்டரில் எந்தப் பழுதும் பதிவாகவில்லை. மேனேஜர் கெட்ட மனிதர் அல்ல, ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். கிரேனில் பழுது இல்லையென்றால் ஆபரேட்டர்தான் இறக்கியிருக்க வேண்டும் என்றார். மறுநாள் மூன்று மணிக்கு விசாரணை. ஆபரேட்டர் தவறு என்று எழுதிவிட்டால் தேசப்பனின் லைசென்ஸ் போகும், கேட் பாஸ் போகும். கேட் பாஸ் போனவனை இந்தக் கரையில் எந்த யார்டும் உள்ளே விடாது. மறுநாள் காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை கிரேனை என்னிடம் விட்டார்கள். அதற்குள் பழுது இருக்கிறதா, இல்லையா என்று நான் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. தூக்கும் மோட்டார் எவ்வளவு சுற்றுகிறது என்று எண்ணிச் சொல்ல அதன் முனையில் என்கோடர் என்று ஒன்று இருக்கும். லிவரை விட்டதும் பிரேக் உடனே பிடிக்காது. சில நொடிகள் மோட்டார்தான் பாரத்தைத் தாங்கி நிற்கும். அந்த நேரத்தில் என்கோடரின் எண்ணிக்கை விட்டுப் போனால், கன்டெய்னர் இறங்கிக்கொண்டிருக்கும், மோட்டார் மட்டும் எதுவும் நகரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும். எதுவும் நகரவில்லை என்று நினைப்பதால் கம்ப்யூட்டரிலும் எதுவும் பதிவாகாது. இதைப் பிடிக்க வேண்டுமென்றால் என்கோடரிலிருந்து வரும் சிக்னலை, அதைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் கண்ணால் பார்க்க வேண்டும்.

எங்களிடம் இருந்த பழைய ஆசிலோஸ்கோப் உப்புக் காற்றில் செத்துப் போயிருந்தது. அதற்குப் பதிலாக உள்ளங்கையளவு பெட்டி ஒன்று வாங்கியிருந்தார்கள். திரை கிடையாது. லேப்டாப்பில் யூஎஸ்பி கேபிளால் இணைத்தால் லேப்டாப்தான் திரை. பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. பிரித்துப் போட்டுப் பார்க்க எனக்கு எத்தனையோ நாள் இருந்தது. பார்க்கவில்லை. அவசரம் வந்த அன்றுதான் பிரித்தேன். உங்கள் அலமாரியிலும் அப்படி ஒன்று இருக்கும், போய்ப் பாருங்கள்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் எங்கள் லேப்டாப்பை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றியிருந்தார்கள். யாரோ சினிமா ஏற்றி வந்த பென்டிரைவில் வைரஸும் சேர்ந்து வந்துவிட்டதுதான் காரணம். அது யாருடைய பென்டிரைவ் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். பெட்டியோடு வந்த சாஃப்ட்வேர் விண்டோஸுக்கானது. லினக்ஸுக்கு வேண்டியதைக் கம்பெனித் தளத்திலிருந்து இறக்கித்தான் போட வேண்டும்.

கிரேனின் கால் பக்கம் இருக்கும் மின்சார அறை இரும்புப் பெட்டி. உள்ளே போன் சிக்னல் வராது, கதவோரம் நின்றால் வரும். ஏசி வேலை செய்யவில்லை. லேப்டாப்பை ஸ்டூலில் வைத்துக்கொண்டு தொடங்கினேன். வெளியே கிரேனின் சக்கரத்து நிழலில் தேசப்பன் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தான். கிரேனில் ஏறக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு. மேலே கேபினில் ஸ்டீபன் என்ற ராயபுரத்து ஆபரேட்டர் என் வார்த்தைக்காகக் காத்திருந்தான்.

சாஃப்ட்வேர் ஏறவில்லை. இன்னொரு துணைப் பகுதி இல்லை என்றது. அதைப் போட்டால் அது பழசு, புதுசு வேண்டும் என்றது. புதுசைப் போட்டால் வேறொன்று இடித்தது. மணி பன்னிரண்டரை. தேசப்பன் கதவருகே வந்து எட்டிப் பார்த்தான். "இன்னாண்ணா, வர்தா?"

"வரும், வரும். நீ போய் எதுனா சாப்டு."

அவன் சாப்பிடப் போகவில்லை. அதே கட்டையில் போய் உட்கார்ந்தான். எனக்குப் பதற்றம் ஏற ஏறக் கை வேகமாகியது, புத்தி நின்றுவிட்டது. கதவோரம் போய்ப் போனில் தேடினேன். எவனோ ஒருவன் இதே சிக்கலைக் கேட்டிருந்தான், கீழே இன்னொருவன் ஒரு கமாண்ட் எழுதியிருந்தான். இதைப் போடுங்கள், சரியாகிவிடும் என்று. போட்டேன். முகம் தெரியாதவன் ஒருவன் வந்து அந்தக் கம்பியைத் தொடுங்கள் என்றால் தொடுவேனா? கம்பியைத் தொடமாட்டேன், கமாண்டைத் தட்டிவிட்டேன். திரையில் வரிசை வரிசையாக என்னென்னவோ ஓடியது. எதையோ நீக்குகிறது என்று புரிந்தபோது நீக்கி முடித்திருந்தது. அதன்பிறகு எதைப் போட்டாலும் ஒரே பிழைச் செய்தி.

கதவோரம் போய் நின்று சிஸ்டம் செக்‌ஷனில் இருந்த பானுவுக்கு போன் போட்டேன். லேப்டாப்புகளை லினக்ஸுக்கு மாற்றியது அவர்தான். நிதானமான பெண்.

"என்னென்ன கமாண்ட் போட்டீங்க சார்? ஒண்ணு விடாம வரிசையா சொல்லுங்க."

மூன்றைச் சொன்னேன். நாலாவதைச் சொல்லவில்லை. முப்பது வருஷ சர்வீஸ்காரன் கண்டவன் எழுதியதைக் காப்பியடித்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பானு ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் உள்ளே ஓடித் தட்டிவிட்டுக் கதவோரம் வந்து சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை. அரை மணி நேரம் அப்படியே போனது.

கடைசியில் அவர் கேட்டார். "சார், நீங்க சொன்னதை மட்டும் போட்டிருந்தா இப்படி ஆகாது. வேற ஏதாச்சும் போட்டீங்களா? பரவாயில்ல, சொல்லுங்க."

சொன்னேன்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா பத்து நிமிஷ வேலை சார்," என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அவர் சொன்னபடி செய்ததில் இரண்டு நாற்பதுக்குச் சாஃப்ட்வேர் ஏறிவிட்டது. "இன்னும் ஒண்ணு இருக்கு சார்," என்றார் பானு. "சாதாரண யூசருக்கு அந்தப் பெட்டியைத் தொட லினக்ஸ் அனுமதி தராது. அனுமதிக்கு ஒரு ஃபைல் அனுப்பியிருக்கேன். அதைப் போட்டுட்டு அப்புறம்..."

அந்த நேரம் பார்த்து மேனேஜரின் அழைப்பு குறுக்கே வந்தது. பானுவைத் துண்டித்துவிட்டு அதை எடுத்தேன்.

"மூணு மணிக்கு எல்லாரும் உட்கார்றோம். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பதில் வேணும். கிரேன்ல பழுது இருக்கா, இல்லையா?"

"பார்த்துட்டு இருக்கேன் சார்."

"காலையிலிருந்து பார்த்துட்டுத்தானே இருக்கீங்க."

உள்ளே ஓடினேன். பானு அனுப்பிய ஃபைலைப் போட்டேன். என்கோடர் கம்பிகளில் புரோப் என்ற அளக்கும் முனையை ஏற்கெனவே மாட்டி வைத்திருந்தேன். வாக்கி டாக்கியில் ஸ்டீபனைக் கூப்பிட்டு, "மெதுவா ஏத்து," என்றேன். "சரிண்ணா," என்றான். சாஃப்ட்வேரைத் திறந்தேன். திரையில் ஒரு கட்டம் வந்து எதையோ கேட்டது. காலையிலிருந்து அப்படி எத்தனையோ கட்டங்களை மூடியிருந்தேன். இதையும் படிக்காமல் ஓகே அழுத்தினேன்.

சீப்புப் பல் போல வரிசையாக அலை வந்தது. ஒரு பல்கூட விடாமல், அளவெடுத்து வெட்டியது போல ஓடியது. வியர்வை விசைப்பலகையில் சொட்ட, இரண்டு நிமிஷம் கண் எடுக்காமல் பார்த்தேன். எங்காவது ஒரு பல் விடுபடாதா என்று மனசுக்குள் கெஞ்சினேன். விடுபடவில்லை. அப்போது எனக்கு வருத்தம் இருந்தது உண்மை. காலையிலிருந்து என்னைப் பிடித்து ஆட்டிய வேலை முடிந்ததே என்ற நிம்மதியும் இருந்தது. இதை மறைத்தால் இந்தக் கட்டுரையை எழுதியே பயனில்லை.

கதவோரம் வந்து மேனேஜருக்கு போன் போட்டேன். "சிக்னல் சுத்தமா இருக்கு சார்."

"அப்ப கிரேன்ல பழுது இல்ல?"

இரண்டு நிமிஷம்தான் பார்த்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் பார்த்தவரை இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். "இல்ல சார்," என்றேன்.

வெளியே வந்ததும் தேசப்பன் எழுந்து நின்றான். "இன்னாண்ணா?"

"சிக்னல் நல்லா கீதுப்பா," என்றேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவன் தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தான். ஆபீஸிலிருந்து ஆள் வந்து கூப்பிட, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனான்.

நான் புரோப்பைக் கழற்ற உள்ளே திரும்பியபோது வாக்கியில் ஸ்டீபன் குரல் வந்தது.

"அண்ணாத்த, கீழ ஒரு லாரி மாட்டிகினு நின்னுது. இப்பதான் போனான். ஏத்தட்டா?"

"இன்னாது, ஏத்தட்டாவா? இவ்ளோ நேரம் இன்னா பண்ணிகினு இருந்த?"

"சும்மாதான் குந்திகினு இருந்தேன். லாரிக்காரன் தலை மேல ஏத்த சொல்றியா நீ?"

அவன் மீது தப்பில்லை. கீழே ஆள் இருக்கும்போது பாரத்தைத் தூக்கக் கூடாது என்பது நாங்கள் சொல்லிக் கொடுத்ததுதான். நான் திரையைத் திரும்பிப் பார்த்தேன். மோட்டார் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. திரையில் அலை அழகாக ஓடிக்கொண்டிருந்தது. யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கினேன். அப்போதும் ஓடியது. மூலையில் சின்ன எழுத்தில் 'டெமோ' என்று இருந்தது.

கதவோரம் போனதும், பானு நாலு முறை கூப்பிட்டுப் பார்த்ததாகப் போனில் செய்தி வந்தது. திரும்பக் கூப்பிட்டேன்.

"ஃபைலைப் போட்டதும் கேபிளைப் பிடுங்கித் திரும்பச் சொருகணும்னு சொல்ல வந்தேன் சார், கட் பண்ணிட்டீங்க. இல்லன்னா பெட்டி இருக்குறது சாஃப்ட்வேருக்குத் தெரியாது. பெட்டி இல்ல, டெமோ காட்டட்டுமான்னு கேட்கும். கேட்டுச்சா?"

கேட்டது. நான்தான் ஓகே சொன்னேன்.

கேபிளைத் திரும்பச் சொருகிச் சாஃப்ட்வேரை மூடித் திறந்தேன். இந்த முறை எந்தக் கட்டமும் வந்து கேட்கவில்லை. தட்டையாக ஒரு கோடு வந்தது. நிற்கும் மோட்டாருக்கு வர வேண்டிய கோடு அதுதான்.

அப்போது மணி மூன்றாக மூன்று நிமிஷம். தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். கையில் போன் இருந்தது. மேனேஜரைக் கூப்பிட்டு, "சார், நான் சொன்னது தப்பு, நான் இன்னும் அளக்கவே இல்லை," என்று சொல்ல அரை நிமிஷம் போதும். நான் கூப்பிடவில்லை. வெறுங்கையோடு தப்பை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. முதலில் அளப்போம், பழுதைப் பிடிப்போம், பிடித்ததைக் காட்டிக்கொண்டே சொன்னால் மானம் போகாது என்று நினைத்தேன். வேலையில் இருந்த அத்தனை வருஷத்தில் நான் எடுத்த மோசமான முடிவு அதுதான். கமாண்டும் டெமோவும் அவசரத்தில் வந்த தவறுகள். இது யோசித்துச் செய்தது.

ஸ்டீபன் ஏற்றினான், இறக்கினான், நிறுத்தினான். முதல் முறை சுத்தமாக இருந்தது. இரண்டாவது, மூன்றாவது முறையும் அப்படியே. பழுதே இல்லாமல் போனால் எந்த முகத்தோடு போவேன் என்று அப்போதும் என் முகத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். ஆறாவது முறை, கன்டெய்னரை நிறுத்திய அந்தச் சில நொடிகளில், அலையில் பல் விழுந்தது. உடைந்த சீப்பு போல நடுவில் காலியாக இருந்தது. "அண்ணாத்த, இறங்குது, நான் லிவரைத் தொடவே இல்ல," என்று வாக்கியில் ஸ்டீபன் கத்தினான். படத்தைச் சேமித்துக்கொண்டு, லேப்டாப்பை மூடாமல் மார்போடு அணைத்துப் பிடித்து ஆபீஸுக்கு ஓடினேன். அந்த வயதில் அந்த வெயிலில் அப்படி ஓடுவேன் என்று நானே நினைத்ததில்லை.

உள்ளே நுழைந்தபோது மூன்றரை ஆகப் போகும் நேரம். மேனேஜரும் இன்னும் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தேசப்பன் நின்றுகொண்டிருந்தான். மேசையில் ஒரு தாள், அதில் அவன் கையெழுத்து, பேனா மூடப்படாமல் கிடந்தது. லிவரை விட்டுவிட்டதாக நினைத்தேன், என் கை பட்டு நகர்ந்திருக்கலாம் என்று எழுதியிருந்தது.

"ஏம்பா கையெழுத்து போட்ட?" என்றேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"நீதான சொன்ன ண்ணா, சிக்னல் நல்லா கீதுன்னு. நீ சொன்னா கரெக்டாத்தான் இருக்கும். அப்போ என் கைதான நகந்திருக்கும்?"

அவனை யாரும் மிரட்டவில்லை. விசாரித்தேன், நிஜமாகவே யாரும் மிரட்டவில்லை. என் ஒரு வார்த்தை போதுமானதாக இருந்திருக்கிறது.

லேப்டாப்பை மேசையில் வைத்தேன். "அரை மணிக்கு முன்னாடிதானே சுத்தமா இருக்குன்னீங்க?" என்றார் மேனேஜர்.

"அப்ப நான் பார்த்தது கிரேனை இல்ல சார். சாஃப்ட்வேர் காட்டுற பொம்மைப் படம். பெட்டி இணைஞ்சிருக்கான்னு கூடப் பார்க்காம உங்களுக்குப் பதில் சொல்லிட்டேன். இதுதான் நிஜம், பாருங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். காது சுட்டது. மேனேஜர் சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், என்னோடு கிரேனுக்கு வந்தார். என்கோடர் கேபிள் வளையும் இடத்தில் மேலுறையைக் கீறிப் பார்த்தபோது உள்ளே ஒரு கம்பி உப்பில் பச்சை பூத்து அறுந்திருந்தது. ஒட்டியும் ஒட்டாமலும் நின்றுகொண்டிருந்தது. மேனேஜர் திரும்பி வந்து தேசப்பன் கையெழுத்திட்ட தாளைக் கிழித்தார். அறிக்கையில் கேபிள் பழுது என்று எழுதினார். லைசென்ஸ் தப்பியது, கேட் பாஸ் தப்பியது. அடுத்து புதுக் கேபிள் எங்கே, காத்திருக்கும் கப்பலுக்கு என்ன பதில் சொல்வது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

தேசப்பன் மட்டும் என் சட்டைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான்.

"அப்போ நான் நகத்தலதானண்ணா?"

"நீ நகத்தலப்பா. கேபிள்தான்."

தலையாட்டிவிட்டு நாலடி போனான். திரும்பி வந்தான். "நெஜமாத்தான சொல்ற?"

"நெஜமா."

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே பைக்கை ஸ்டார்ட் செய்தவன், நான் வருவதைப் பார்த்து அணைத்துவிட்டு மூன்றாவது தடவையும் கேட்டான். நானும் சொன்னேன். முந்தின நாள் காலையிலிருந்து அன்று மூன்று மணி வரை, தன் கை நகரவில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. யாரிடமும் கேட்க வேண்டிய அவசியம் அவனுக்கு இருக்கவில்லை.